மோஷியில் சனி, ஞாயிறு: தன்னார்வப் பணிக்குப் போகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

தான்சானியாவுக்குத் தன்னார்வப் பணிக்குப் போகிறேன் என்றதும் ஊரில் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "சிங்கம் பார்ப்பியா?" பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டுகிற வேலை என்று விளக்கினால் முகம் சப்பென்று ஆகிவிடும். போய்ச் சேர்ந்த பிறகு எனக்கும் அதே கேள்வி வந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை குழாய், சிமெண்ட், கிராமக் கூட்டம். சரி, சனி ஞாயிறு என்ன செய்வது?

நான் இருந்தது கிளிமஞ்சாரோ அடிவாரத்தில், மோஷி நகருக்குப் பக்கத்தில். ஐந்து மாதம், ஏறக்குறைய இருபது வார இறுதிகள். அதில் நாலைந்தை முட்டாள்தனமாக வீணடித்தேன். அவற்றை நீங்கள் வீணடிக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இது.

முதலில் ஒரு கதை. மூன்றாவது வாரம் ஆசையில் தூரமாகப் போய்விட்டு, திங்கட்கிழமை மதியம்தான் திரும்பினேன். வேலையிடத்தில் ஐந்து கொத்தனார்கள் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். சிமெண்ட் கிடங்கின் சாவி என் பையில். அவர்கள் நாள்கூலிக்காரர்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது. அன்றைய அரைநாள் கூலியை என் பையிலிருந்து கொடுத்தேன். அதன் பிறகு ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: திங்கள் காலை எட்டு மணிக்கு, தூங்கி எழுந்த முகத்தோடு வேலையிடத்தில் நிற்க முடியாது என்றால் அது வார இறுதிப் பயணம் இல்லை, விடுப்பு. விடுப்பென்றால் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். கீழே உள்ளதெல்லாம் இந்த விதிக்கு உட்பட்டது.

படி 1: ஊரிலிருந்து கிளம்பும் முன்

சுற்றுலா விசாவில் போய்த் தன்னார்வ வேலை செய்யக் கூடாது. சம்பளம் வாங்காவிட்டாலும் தான்சானியச் சட்டத்துக்கு அது வேலைதான். தன்னார்வலர்களுக்கென்று 'சி' வகைக் குடியிருப்பு அனுமதி இருக்கிறது, அழைக்கிற அமைப்பு எடுத்துத் தர வேண்டும். "டூரிஸ்ட் விசாவில் வாங்க, பார்த்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே யோசியுங்கள். வார இறுதிக்கும் இதில் ஒரு லாபம் உண்டு. தேசியப் பூங்காக்களில் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிக்கு ஒரு கட்டணம், அந்நாட்டில் குடியிருக்கும் வெளிநாட்டவருக்கு அதைவிடக் குறைந்த கட்டணம். வாசலில் அசல் ஆவணத்தைக் கேட்பார்கள், போட்டோ போதாது.

அடுத்தது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. "தான்சானியாவுக்கு அது தேவையில்லையே" என்று சொல்வார்கள். இந்தியாவிலிருந்து நேராகப் போனால் சரிதான். ஆனால் மோஷியிலிருந்து கென்ய எல்லை ஒரு மணி நேரத் தூரம். ஏதோ ஒரு வாரம் யாராவது "வா, எல்லை தாண்டி ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம்" என்பார்கள். கென்யாவுக்குள் போய்விட்டுத் திரும்பி தான்சானியாவுக்குள் நுழையும்போது மஞ்சள் அட்டை, அதாவது இந்த ஊசி போட்ட சான்றிதழ், கேட்கப்படும். கென்யாவிலிருந்து அட்டை இல்லாமல் இந்தியாவில் வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி இருக்கிறது. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் இந்த ஊசி போடுகிறார்கள். போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும், அதனால் பெட்டி கட்டுகிற வாரத்தில் ஓடாதீர்கள். ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் போதும்.

வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஆப்பில் நீங்களே திறந்துவிட வேண்டும். பூங்கா வாசல்களில் ரொக்கம் வாங்குவதில்லை, அட்டையோ முன்கூட்டிக் கட்டிய ரசீதோதான். அங்கே போய் நின்றுகொண்டு ஓ.டி.பி. வராமல் தவிப்பதைவிட இங்கேயே ஒரு தடவை சரிபார்த்துவிடலாம்.

கேரி பேக் கொண்டுபோகாதீர்கள். 2019 ஜூன் முதல் தான்சானியாவில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. நம் வீட்டில் செருப்பு ஒரு கவர், ஊறுகாய் இரண்டு கவர் என்று சுற்றிக் கொடுப்பார்களே, அதெல்லாம் துணிப்பையாக மாற வேண்டும்.

படி 2: முதல் இரண்டு வாரம் எங்கும் போகாதீர்கள்

உண்மையாகத்தான் சொல்கிறேன். முதல் இரண்டு சனிக்கிழமைகளை மோஷி நகரத்துக்கே கொடுங்கள். மணிக்கூண்டிலிருந்து சந்தை வரை நடங்கள். பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் சும்மா நின்று பாருங்கள். பழைய துணி விற்கிற 'மிடும்பா' கடைகளைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மலைக்குப் போட வேண்டிய ஜாக்கெட், நடைக்கான பூட்ஸ் எல்லாம் அங்கே குவியலில் கிடக்கும். சென்னையில் கடை ஏறி வாங்கிய என் புது ஷூ இரண்டாவது வாரமே வாயைப் பிளந்தது. மிடும்பாவில் வாங்கிய பழைய பூட்ஸ் இன்னும் என்னிடம் இருக்கிறது.

இந்த இரண்டு வாரத்தில் கற்றுக்கொள்ள வேண்டியது, அங்கே பேசுகிற சுவாஹிலி மொழியில் வணக்கம் சொல்ல. பெரியவர்களைப் பார்த்தால் 'ஷிகமோ' சொல்ல வேண்டும், அவர்கள் 'மரஹபா' என்பார்கள். 'உங்கள் காலைப் பிடிக்கிறேன்' என்பதுதான் அதன் மூலப்பொருள் என்று சொல்வார்கள். காலைத் தொட்டுக் கும்பிட்டு வளர்ந்த நமக்கு இது சிரமமே இல்லை. ஷிகமோ சொல்லாமல் வழி கேட்டால் வழி கிடைக்கும், ஆனால் சுருக்கமாகக் கிடைக்கும்.

உறவுச் சொற்களில் மட்டும் கவனம். அங்கே 'மாமா' என்றால் அம்மா. 'தாதா' என்றால் அக்கா. எங்கள் சமையல்கார அம்மாளை ஊரே மாமா என்று கூப்பிட்டபோது முதல் நாள் நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன், எந்த மாமா வந்திருக்கிறார் என்று. அப்புறம், கடைக்கு 'டுகா', காசுக்கு 'பேசா', வண்டிக்கு 'காரி', டீக்கு 'சாய்'. எல்லாம் இந்துமகா சமுத்திரத்தைத் தாண்டிப் போன சொற்கள். நம்மைப் பார்த்துப் பிள்ளைகள் "முஹிண்டி!" என்று கத்தும், இந்தியர் என்று அர்த்தம். பல தலைமுறையாகக் குஜராத்திகள் கடை வைத்திருக்கும் ஊர் அது. நீங்களும் கடைக்காரர் என்றே நினைத்துக்கொள்வார்கள், கோபப்பட ஒன்றுமில்லை.

படி 3: கடிகாரத்தைத் திருப்பிப் போடுங்கள்

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு பயணமும் போகாதீர்கள். சுவாஹிலியில் மணி சூரிய உதயத்திலிருந்து எண்ணப்படுகிறது. காலை ஏழு மணி என்பது அவர்களுக்கு 'சா மோஜா', ஒரு மணி. எட்டு மணி 'சா எம்பிலி', இரண்டு மணி. மதியம் ஒன்று என்பது ஏழு மணி. மாலை ஏழுக்கு மறுபடி ஒன்று.

லுஷோட்டோ என்ற மலையூருக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். டிக்கெட் எழுதியவர் எனக்குப் புரிய வேண்டுமே என்ற நல்லெண்ணத்தில் ஆங்கிலத்திலேயே "டூ ஓ கிளாக்" என்றார். நான் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு மதியம் ஒன்றரைக்குப் பையோடு போய் நின்றேன். பஸ் காலை எட்டு மணிக்கே போய்விட்டது. அவர் பொய் சொல்லவில்லை. மணியை மட்டும் அவர் சுவாஹிலியில் யோசித்தார், நான் யோசிக்கவில்லை.

வழி எளிது. முள் உள்ள கடிகாரத்தைப் பாருங்கள். சின்ன முள் எந்த எண்ணில் நிற்கிறதோ அதற்கு நேர் எதிரில் இருக்கும் எண்தான் சுவாஹிலி மணி. எட்டுக்கு எதிரே இரண்டு. பத்துக்கு எதிரே நான்கு. யார் நேரம் சொன்னாலும் "காலையா, மதியமா?" என்று ஒரு கேள்வி கூடக் கேளுங்கள்: 'அசுபுஹி' காலை, 'எம்சானா' பகல். உதயாதி நாழிகை என்று ஜாதகத்தில் எழுதுகிற ஊரிலிருந்து போகிறோம். சூரிய உதயத்திலிருந்து எண்ணுவது நமக்கு அப்படி ஒன்றும் அந்நியம் இல்லை.

படி 4: வண்டி

ஊருக்குள்ளும் பக்கத்துக் கிராமங்களுக்கும் 'டாலா டாலா', அதாவது வேன். நிறைந்தால்தான் கிளம்பும். நிறைவது என்றால் நீங்கள் நினைக்கிற நிறைவு இல்லை. கண்டக்டரை 'கோண்டா' என்பார்கள். கதவில் தொங்கிக்கொண்டே வருவார், காசால் தகரத்தைத் தட்டினால் டிரைவருக்குச் சைகை. இறங்க வேண்டுமென்றால் "ஷூஷா!" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். மெதுவாகச் சொல்லி நான் இரண்டு கிலோமீட்டர் திரும்பி நடந்திருக்கிறேன்.

மோஷியிலிருந்து அருஷா 80 கிலோமீட்டர், பஸ்ஸில் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். 'போடாபோடா' என்கிற பைக் டாக்ஸிதான் மிகவும் வசதி, மிகவும் ஆபத்தும் அதுதான். சிங்கத்தைப் பற்றி வீட்டில் கவலைப்படுவார்கள், கவலைப்பட வேண்டியது பைக்கைப் பற்றி. ஹெல்மெட் தராதவர் வண்டியில் ஏறாதீர்கள். தார் ரோட்டில் பைக்கே வேண்டாம். பல பயணக் காப்பீடுகளில் பைக் விபத்துக்குப் பணம் கிடைக்காது, பாலிசியை எடுத்துப் படியுங்கள்.

இருட்டிய பிறகு நெடுஞ்சாலைப் பயணம் வேண்டவே வேண்டாம். பூமத்திய ரேகைக்கு மூன்று டிகிரி தெற்கே இருக்கும் ஊர். ஆறரை மணிவாக்கில் விளக்கை அணைத்தது போல இருட்டிவிடும். அந்தி என்று ஒன்று நீண்டு கிடக்காது. ஆக ஞாயிறு மாலை நாலு மணிக்குள் கடைசி வண்டியில் ஏறிவிட்டேனா என்பதுதான் கணக்கு.

படி 5: எங்கே போவது

தூரத்தை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். அரைநாள், ஒரு நாள், ஓர் இரவு. எனக்கு அரைநாள் இடங்கள்தான் அதிகம் பிடித்தன. விளம்பரத்தில் வராதவை என்பதாலோ என்னவோ.

*ராவ் காடும் வயலும்.* மோஷி நகரத்தை ஒட்டியே இருக்கிறது ராவ் காடு. வாடகை சைக்கிளில் போகலாம், உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு வெள்ளைக் கொலபஸ் குரங்குகள் மேலே தாவும், வால் மட்டும் வெள்ளைக் குஞ்சம் மாதிரித் தொங்கும். காட்டைத் தாண்டினால் திடீரென்று நெல்வயல். நான் சைக்கிளை நிறுத்திவிட்டேன். ஜப்பான் உதவியோடு 1980களில் உருவான கீழ் மோஷிப் பாசனத் திட்டத்தின் வயல்கள் அந்தப் பக்கம்தான். வரப்பு, மடை, சேற்றில் குனிந்து நாற்று நடுகிற பெண்கள், கொக்கு. எல்லாம் தஞ்சாவூர்ப் பக்கம் போலவே இருந்தது, நிமிர்ந்து பார்க்கும் வரை. நிமிர்ந்தால் வடக்கே பனி மூடிய மலை. ஒரு அம்மாள் என்னைக் கூப்பிட்டு நாற்றுக்கட்டைக் கையில் கொடுத்து "நடு பார்ப்போம்" என்றார், சிரிப்பதற்குத்தான். ஒரு வரிசை நட்டேன். வரிசை கோணிக்கொண்டு போனது. நெல் விளையும் ஊரிலிருந்து வந்தவன் என்று அதற்கு முன்னால் பெருமையாகச் சொல்லிவைத்ததுதான் தப்பு.

மலையைப் பார்க்க வேண்டுமென்றால் விடியற்காலையும் சாயங்காலமும்தான். பகலில் மேகம் போர்த்திக்கொள்ளும். மார்ச் முதல் மே வரை 'மசிகா' என்ற பெருமழை, நவம்பர், டிசம்பரில் 'வூலி' என்ற சிறுமழை. ஜூன் முதல் அக்டோபர் வரை வறட்சியான, நடக்க ஏற்ற காலம்.

*மடெருணி.* மோஷியிலிருந்து மேலே ஏறும் சாலையில் ஒரு சக்கா கிராமம். சக்காக்கள் மலைச்சரிவின் மக்கள். அவர்களுடைய வீட்டுத் தோட்டத்துக்குக் 'கிஹம்பா' என்று பெயர். மேலே நிழல் மரம், நடுவில் வாழை, கீழே காப்பி, அதற்கும் கீழே கிழங்கும் கீரையும், எல்லாம் ஒரே துண்டு நிலத்தில். மலை ஓடையிலிருந்து தண்ணீர் இழுத்துவரும் 'எம்ஃபோங்கோ' வாய்க்கால்களையும் காட்டச் சொல்லுங்கள். தண்ணீர் வேலைக்குப் போன எனக்கு அருவியைவிட அந்த வாய்க்கால்தான் பெரிய அதிசயம். குழாயே இல்லாமல் சரிவின் ஏற்ற இறக்கத்தை மட்டும் நம்பி வெட்டியது. அருவியும் சும்மா இல்லை, எழுபது எண்பது மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. வழுக்கும், பிடிப்பான செருப்புப் போடுங்கள். திரும்பும் வழியில் காப்பிக்கொட்டையை உரலில் இடித்து, வறுத்து, அங்கேயே போட்டுக் கொடுப்பார்கள். உலக்கை நம் கைக்கும் வரும். பால் கேட்டேன், ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

*கிகுலெட்வா வெந்நீர் ஊற்று.* செம்கா என்றும் சொல்வார்கள். வெந்நீர் என்று பெயரே தவிர வெதுவெதுப்புதான். வறண்ட பொட்டல், முள்மரம், புழுதி. அந்தப் பாதையில் வண்டி குலுங்கிக் குலுங்கிப் போய்க்கொண்டிருக்கும்போது ஏமாற்றிவிட்டார்களோ என்று தோன்றும். திடீரென்று அத்திமரக் கூட்டம், நடுவில் கண்ணாடி போல நீலப் பச்சைத் தண்ணீர், அடியில் கிடக்கும் வேர் வரை தெரியும். கயிறு கட்டியிருக்கும், ஊஞ்சல் ஆடிக் குதிக்கலாம். சின்ன மீன்கள் பாதத்தைக் கொத்தும். அருஷா சாலையில் போமா ங்கோம்பே வரை பஸ், அங்கிருந்து பஜாஜி. ஆமாம், ஆட்டோவுக்கு அங்கே பெயரே பஜாஜிதான். திரும்பி வரவும் அதே ஆளிடம் பேசிக்கொள்ளுங்கள், அங்கே நின்றால் வண்டி கிடைக்காது. பாதிப் பணத்தைத் திரும்பிய பிறகு கொடுங்கள். சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு முன்னால் போனால் குளம் உங்களுடையது. ஞாயிறு மதியம் போனால் மோஷியே அங்கேதான் இருக்கும், ஸ்பீக்கரோடு.

நீச்சல் தெரியாதவர்கள் கரையோரம் நில்லுங்கள். ஆழம் தெரியாமல் ஏமாற்றுகிற தெளிவு அது.

*மராங்கு வழியில் மண்டாரா குடில் வரை.* கிளிமஞ்சாரோவின் உச்சி 5,895 மீட்டர். ஏறி இறங்கக் குறைந்தது ஐந்து நாள் வேண்டும், வார இறுதிக்கு அது ஆகாது. ஆனால் ஒரே நாளில் மழைக்காட்டின் வழியாக 2,720 மீட்டரில் இருக்கும் மண்டாரா குடில் வரை நடந்து திரும்பலாம். ஏற மூன்று மணி நேரம், இறங்க இரண்டு. வழிகாட்டி கட்டாயம், பூங்காக் கட்டணமும் உண்டு. சுற்றுலாப் பயணிக்கு நாளைக்கு எழுபது டாலருக்குமேல் ஆகிவிடும். குடிலிலிருந்து கால் மணி நேரத்தில் மவுண்டி என்ற எரிமலை வாய் இருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் டீ குடித்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். 1889இல் ஹான்ஸ் மேயரும் லுட்விக் புர்ட்ஷெல்லரும் முதன்முதலாக உச்சி ஏறினார்கள் என்று புத்தகத்தில் இருக்கும். அவர்களுக்கு வழிகாட்டியாகச் சொல்லப்படும் யோஹானி கின்யாலா லாவோ இந்த மராங்கு ஊர்க்காரர். ஊரில் அவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள், பேச்சு தானே நீளும்.

உச்சி வரை போக ஆசையிருந்தால் பணி முடிந்த பிறகு தனியாக ஒரு வாரம் ஒதுக்குங்கள். அப்போது விலை மலிவைப் பார்த்து நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்த மலிவு யாருடைய கூலியிலிருந்து வருகிறது என்று கேளுங்கள். ஒரு சுமைதூக்கிக்கு 20 கிலோதான் வரம்பு. கூலியையும் சுமையையும் கண்காணிக்கிற கிளிமஞ்சாரோ போர்ட்டர்ஸ் அசிஸ்டன்ஸ் புராஜெக்ட் மோஷியிலேயே இருக்கிறது. எந்த நிறுவனம் ஒழுங்கு என்று அங்கே கேட்டால் தெரியும்.

*அருஷா தேசியப் பூங்கா.* முதல் சஃபாரிக்கு இதுதான். பக்கம், ஒரு நாளில் முடியும், துப்பாக்கி ஏந்திய ரேஞ்சரோடு காட்டுக்குள் நடக்கலாம். ஒட்டகச்சிவிங்கியை ஜீப்பிலிருந்து பார்ப்பது வேறு, அது நிற்கிற அதே புல்லில் நாமும் நின்று அண்ணாந்து பார்ப்பது வேறு. மொமெல்லா ஏரிகளில் பூநாரைகள். பின்னால் மேரு மலை, 4,566 மீட்டர். சிங்கம் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

*சிங்கம்தான் வேண்டும் என்றால்.* இரண்டு நாள். சனிக்கிழமை தரங்கிரே, இரவு கரட்டுவில் தங்கல், ஞாயிறு விடியலில் ங்கோரோங்கோரோ. வறட்சிக் காலத்தில் தரங்கிரே ஆற்றங்கரைக்கு யானைகள் கூட்டம் கூட்டமாக வரும், பின்னணியில் பாவோபாப் என்கிற பெருக்க மரங்கள். ங்கோரோங்கோரோ இடிந்து உள்வாங்கிய எரிமலை. 600 மீட்டர் ஆழம், 260 சதுர கிலோமீட்டர் அடித்தளம். பள்ளத்துக்குள் இறங்க ஆளுக்குக் கட்டணம் தவிர வண்டிக்கும் தனிக் கட்டணம் உண்டு, அதனால் ஜீப்பை ஆறு பேராக நிரப்புங்கள். மற்றத் திட்டங்களில் வேலை செய்கிற தன்னார்வலர்களைக் கேட்டுச் சேர்த்தால் செலவு பாதிக்கும் கீழே வரும். ஞாயிறு மதியத்துக்கு முன்பே பள்ளத்தை விட்டு ஏறிவிட வேண்டும் என்று டிரைவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். செரங்கெட்டியை இரண்டு நாளில் திணிக்கப் பார்க்காதீர்கள். அங்கே போய்த் திரும்புவதிலேயே இரண்டு நாளும் போய்விடும்.

*லுஷோட்டோ.* பஸ்ஸைத் தவறவிட்ட அதே ஊர். உசம்பரா மலைமேல் 1,400 மீட்டரில், ஏறக்குறைய நம் ஏற்காடு உயரம். வெள்ளி அரைநாள் விடுப்பு இல்லாமல் போகாதீர்கள், ஐந்தாறு மணி நேரப் பயணம். மொம்போவிலிருந்து மேலே ஏறும் சாலை கொண்டை ஊசி வளைவுகளால் ஆனது. 'இரென்டே' என்ற மலைமுனையில் நின்றால் கீழே மசாய் சமவெளி விரிந்து கிடக்கும். அந்நாட்டு அரசு விடுமுறைகளைக் குறித்து வைத்திருங்கள்: ஜூலை 7 சபா சபா, ஆகஸ்ட் 8 நானே நானே, அக்டோபர் 14 நியெரெரே நினைவு நாள், டிசம்பர் 9 சுதந்திர தினம். இவற்றில் ஒன்று வெள்ளியிலோ திங்களிலோ விழுந்தால் அந்த வாரம் லுஷோட்டோ.

போக வேண்டாத இடம் ஒன்றும் உண்டு: அனாதை இல்லங்களைச் 'சுற்றிப் பார்க்கும்' வார இறுதிப் பயணம். பிஸ்கட் கொடுத்து, படம் எடுத்து, இரண்டு மணி நேரத்தில் கிளம்பிவிடுகிற வேலை. நம் பிள்ளைகளிடம் முன்பின் தெரியாதவர் வந்து அப்படிச் செய்தால் விடுவோமா?

படி 6: சாப்பாடும் உடம்பும்

சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். 'வாலி மஹராகே' என்று கேளுங்கள், சோறும் பீன்ஸ் குழம்பும் வரும். கூடவே 'எம்சிச்சா', அது சாட்சாத் நம் கீரை. 'உகாலி' மக்காச்சோளக் களி, கேழ்வரகுக் களி தின்று வளர்ந்தவர்களுக்குக் கை தானே உருட்டும். காரம் இருக்காது. சின்ன டப்பாவில் இட்லிப் பொடி வைத்திருந்தேன். கடைசியில் எங்கள் மாமாதான் அதை அதிகம் சாப்பிட்டார்.

மலேரியா மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும், எடுக்க ஆரம்பித்தால் வார இறுதியிலும் விடக் கூடாது. பையில் மறந்துவைப்பது சனிக்கிழமைகளில்தான் நடக்கிறது. காய்ச்சல் வந்தால் களைப்பு என்று சமாதானம் சொல்லாமல் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. ஊர் திரும்பிய பின் வந்தாலும் சரி, "ஆப்பிரிக்கா போய் வந்தேன்" என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மோஷியிலேயே கே.சி.எம்.சி. என்ற பெரிய மருத்துவமனை இருக்கிறது. அது எங்கே என்று படி 2இலேயே பார்த்து வைத்திருங்கள்.

படி 7: ஒரு ஞாயிற்றை அவர்களுக்குக் கொடுங்கள்

மாதத்தில் ஒரு ஞாயிறாவது பயணம் போடாமல் வைத்திருங்கள். யாராவது வீட்டுக்குக் கூப்பிடுவார்கள். காலியாக இருந்தால்தானே போக முடியும்? வெறுங்கையோடு போகாமல் ஒரு கிலோ சர்க்கரை, ஒரு கட்டி சோப் வாங்கிக்கொள்ளுங்கள், சாக்லேட்டைவிட அதற்கு மதிப்பு. காலையில் தேவாலயத்துக்கும் அழைப்பார்கள். ஆராதனை மூன்று மணி நேரம் போகலாம், பாட்டுக்காகவே உட்காரலாம். சாப்பிடும் முன் வீட்டுப் பெண் ஒருத்தி சொம்பும் பேசினுமாக வந்து கையில் தண்ணீர் ஊற்றுவாள், எழுந்து போய்க் குழாய் தேடாதீர்கள். வாழைப்பழத்திலும் கேழ்வரகிலும் காய்ச்சிய 'எம்பேகே' வந்தால் ஒரு வாய் சுவைக்கலாம், வேண்டாம் என்றாலும் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். 'எம்டோரி' என்ற வாழைக்காய் சூப்பை மட்டும் தவறவிடாதீர்கள். அதில் இறைச்சி இருக்கும், சைவம் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.

படி 8: வெள்ளி மாலையும் ஞாயிறு இரவும்

வெள்ளி மாலை: எங்கே போகிறேன், யாரோடு, எப்போது திரும்புவேன் என்று ஒரு தாளில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். கிடங்குச் சாவியைத் தலைமைக் கொத்தனாரிடம் கொடுங்கள். அங்கே கைவேலைக்காரர் எவரும் 'ஃபுண்டி'.

ஞாயிறு இரவு: பூட்ஸைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். போனைச் சார்ஜில் போடுங்கள், மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. என்ன செலவானது என்று நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டு திங்கட்கிழமை காலைக்குத் தேவைப்படும். பத்து மணி டீக்கு, அதாவது அவர்கள் கணக்கில் நாலு மணி டீக்கு, 'மண்டாசி' பொரித்து வைத்திருப்பார் மாமா. எல்லாரும் உட்கார்ந்ததும் ஃபுண்டி கேட்பார்: "போடாபோடாவுக்கு எவ்வளவு கொடுத்தாய்?"

தொகையைச் சொன்னேன். ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கை வைத்தார். அடுத்த சனிக்கிழமை காலை எதிர்முள் கணக்கில் சரியாக ஒரு மணிக்கு, ஃபுண்டியின் அக்கா மகன் இரண்டு ஹெல்மெட்டோடு வாசலில் நின்றான்.